உயில் தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை

உயில் எழுத வருகிறவர்கள் யாருக்கு எது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தச் சொத்து அவர்கள் பெயருக்கு எப்படி வந்தது என்று கேட்டால்தான் பேச்சு இழுக்கிறது. அதனால் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் கைக்கு வந்த பிறகே எழுதத் தொடங்குகிறோம். பூர்வீகச் சொத்தென்றால் தன் பங்கை மட்டுமே எழுதிவைக்க முடியும். முழு வீட்டையும் எழுதிவிட்டால் அந்த ஒரு பத்தியே பின்னாளில் வழக்காகும்.

சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கெல்லை எல்லாம் வேண்டும். வங்கிக் கணக்கு என்றால் தொகையை எழுதக் கூடாது. 'என் மறைவின்போது இக்கணக்கில் உள்ள முழுத்தொகையும்' என்று எழுதினால் போதும். கணக்கில் நாமினியாகக் குறிக்கப்பட்டவர் அதனாலேயே பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. கம்பெனிப் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் நாமினி ஒருவர், உயிலில் வேறொருவர் என்றிருந்தால் சண்டை வரும். இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லிவிடுகிறோம்.

அதிகம் விட்டுப்போவது, பெறுபவர் முந்தி இறந்துவிட்டால் என்ன என்ற வாசகம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுக்கு எழுதியது, அவன் முன்பே இறந்தாலும் அவன் வழியில் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால் வீணாகாது; எழுதியவருக்குப் பின் அவன் இறந்ததாகக் கொண்டு, அவனுடைய உயிலின்படியோ அவன் வாரிசுகளுக்கோ போகும் (பிரிவு 109). தம்பிக்கோ மருமகளுக்கோ எழுதியது அப்படிப் போகாது. உயிலில் தனியாக யாருக்கும் எழுதாத மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும். மீதி யாருக்கு என்றும் எழுதவில்லையென்றால், அந்தப் பகுதிக்கு உயிலே இல்லாதது போலத்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாற்றுப் பெயர், கடைசியில் 'மீதமுள்ள அனைத்தும் இன்னாருக்கு' என்ற ஒரு வரி: இவை இல்லாத உயிலைக் கையெழுத்துக்கு வைக்கக் கூடாது.

கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். உயிலால் பயன்பெறாதவர்களாக, எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகப் பார்த்துக்கொள்வது நல்லது. எழுதுபவருக்கு முன் சாட்சிகள் காலமாகிவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு. முதியவர் என்றால் அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்றும் வாங்கிக்கொள்கிறோம். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் மூலப்பிரதி தொலைந்தால் பதிவு கைகொடுக்கும்.

எழுதிய உயிலில் பேனாவால் அடித்துத் திருத்தக் கூடாது. எழுதியவரும் இரு சாட்சிகளும் அந்த இடத்தில் கையெழுத்திடாவிட்டால் திருத்தம் செல்லாது. உயிலில் மகளுக்கு எழுதிய மனையைப் பிறகு விற்றுவிட்டால், விற்ற பணம் அவளுக்குத் தானாகப் போகாது; அவள் பங்கு அங்கேயே முடிந்துவிடும். கிறிஸ்தவர் திருமணம் செய்துகொண்டால் முந்தைய உயில் ரத்தாகும், இந்துவுக்கு ஆகாது. ஆகவே விற்பனை, திருமணம், பிறப்பு, இறப்பு எது நடந்தாலும் உயிலை எடுத்துப் பார்க்க வேண்டும். சிறு மாற்றத்துக்கு, பழைய உயிலோடு சேர்த்துப் படிக்கும்படி தனியாக எழுதும் இணைப்பு உயில் போதும், அதற்கும் இரண்டு சாட்சிகள் உண்டு. பங்குகளே மாறினால் புதிதாக எழுதி, பழையதை ரத்து செய்வதாகச் சொல்ல வேண்டும். பழைய உயில் பதிவானதாக இருந்தால் ஆவண எண்ணையும் ஆண்டையும் அதே வாசகத்தில் சேர்த்துவிடுகிறோம்.