வான் நகரமும் இரண்டு பெயர்களும்

1915 ஏப்ரல் 20. அன்றைய ஒட்டோமான் பேரரசின் கிழக்கில் (இன்றைய துருக்கியில்) இருந்த வான் நகரத்தில், ஆர்மீனியர்கள் தெருமுனைகளில் தடுப்பு போட்டுத் துப்பாக்கி எடுத்தார்கள். துருக்கிய அரசுத் தரப்பு எழுத்துகளில் இது ‘வான் கலகம்’. ஆர்மீனியர்களுக்கு ‘வான் தற்காப்புப் போர்’. நடந்தது ஒன்று, பெயர் இரண்டு.

இந்தப் பெயர்ச் சண்டையே எந்தத் தேதியிலிருந்து கதையை ஆரம்பிப்பது என்பதில்தான். ஏப்ரல் 20-இல் ஆரம்பித்தால் கலகம் மாதிரி தெரியும். நாலு நாள் முன்னால் போங்கள்: ஒட்டோமான் ஆளுநர் ஜெவ்தெத் பே, சமாதானம் பேச அனுப்பிய ஆர்மீனியத் தலைவர் இஷ்கானை வழியிலேயே கொன்றாயிற்று. அந்த ஆளுநர் பட்டாளத்துக்கென்று கேட்ட 4000 ஆர்மீனிய இளைஞர்களை அனுப்பினால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும்.

ஒட்டோமான் படையின் முற்றுகைக்குள் ஆர்மீனியர்கள் தோட்டாவைத் தாங்களே வார்த்தார்கள். பள்ளிக்கூடப் பையன்களின் பேண்டு வாசித்துக்கொண்டிருந்ததாம்! மே மாதம் ரஷ்யப் படை வந்து சேர்ந்தது. ‘பார், ரஷ்யாவோடு கூட்டு’ என்பார்கள், கலகம் என்று சொல்பவர்கள். ஆர்மீனியத் தன்னார்வலர்கள் அந்தப் படையில் இருந்தது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஃபெதாயிகள், அதாவது ஆர்மீனிய ஆயுதப் போராளிகள், எல்லாருமே புனிதர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு வாசலில் நின்று சுட்டவனைக் கலகக்காரன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.