பட்டியில் தொங்கும் பாரம்

கொழும்பில் அம்புலன்ஸ் வண்டியொன்றில் அவசர மருத்துவ உதவியாளராக நான் வேலைக்குச் சேர்ந்த முதலாம் ஆண்டில், ஒரு விடியற்காலை, பேலியகொடைப் பக்கமாகக் கவிழ்ந்து கிடந்த வான் ஒன்றின் பின்கதவு வழியாகத் தலையை நுழைத்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எனக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தார். வான் இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. அவர் நடு வரிசையில் வலப்பக்க ஆசனத்தில் இருந்தவர். ஆசனப்பட்டி அவருடைய இடுப்பையும் தோளையும் பிடித்திருக்க, சேலைத் தலைப்பு கீழ்நோக்கி விழுந்து, தரையாகிவிட்ட இடப்பக்கக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியின் மீது அவருடைய மகன் கால் சிக்கிய நிலையில் கிடந்தார். வெளிநாட்டிலிருந்து அன்றிரவு வந்திறங்கிய மகனைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்த குடும்பம் அது என்பது பின்னர் தெரியவந்தது.

"தம்பி, கெதியா எடுங்கோ, மூச்சு முட்டுது" என்றார் அந்த அம்மா. நான் கையை நீட்டி, பட்டியைப் பூட்டும் பக்கிளின் சிவப்புப் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். திறக்கவில்லை. மீண்டும் அழுத்தினேன். மூன்றாவது முறை கட்டைவிரல் வழுக்கியதும், பட்டி இறுகிவிட்டது என்று முடிவுசெய்து, இடுப்பிலிருந்த பெல்ட் கட்டரை எடுத்து முதலில் தோள் பட்டியையும் பிறகு இடுப்புப் பட்டியையும் வெட்டினேன். இரண்டாவது வெட்டு விழுந்த கணத்தில், அவருடைய உடல் முழுவதும் தோளை முன்னே தள்ளிக்கொண்டு மகனின் மேல் விழுந்தது. தோளையும் மார்பையும் இணைக்கும் காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. விபத்து முறிக்காமல் விட்டிருந்த எலும்பு அது. விபத்துச் சேவைப் பிரிவில் அவரை ஒப்படைத்தபோது அந்த முறிவுக்கான காரணத்தை மருத்துவரிடம் உள்ளபடியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த வான் பழுதுபார்க்கும் இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட பிறகு, என்னோடு வேலை செய்த சாரதி அண்ணன் அங்கே போய் அதே பக்கிளை ஒரே விரலால் திறந்து பார்த்துவிட்டு வந்தார். பட்டி இறுகியிருக்கவே இல்லை. அவர் அதை என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆசனப்பட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். தோளையும் இடுப்பையும் ஒரே கையால் பூட்டக்கூடிய மும்முனைப் பட்டியை 1959 ஆம் ஆண்டில் வொல்வோ நிறுவனத்துக்காக நில்ஸ் போலின் வடிவமைத்தார் என்பதும், அந்த நிறுவனம் அதன் உரிமத்தை ஏனைய உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட்டது என்பதும் பலருக்குத் தெரிந்த செய்தி. எனக்கு அதைவிடப் பயன்பட்டது, ஐக்கிய நாடுகளின் 16 ஆம் இலக்க ஒழுங்குவிதி ஆசனப்பட்டிகளுக்கு விதித்திருக்கும் அளவுகள்தான். பட்டியின் அகலம் 46 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஏறத்தாழ ஒன்றரைத் தொன் இழுவைக்கு முன்னர் அது அறுந்துவிடக்கூடாது. திறக்கும் பொத்தான் சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும், பக்கிளின் வேறெந்தப் பகுதியும் அந்த நிறத்தில் இருக்கக்கூடாது. பட்டியைச் சுற்றி வைத்திருக்கும் சுருளானது வண்டி திடீரென வேகம் குறையும்போது மட்டுமன்றி, 27 பாகைக்கு மேல் சரிந்தாலும் தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்தபோதுதான் பேலியகொடை வானில் நடந்தது எனக்கு விளங்கியது. சரிந்து கிடக்கும் வண்டியில் சுருள் பூட்டியே இருக்கும். அங்கே பட்டியை இழுத்துத் தளர்த்த முயல்வது வீண் வேலை, ஏனெனில் அது பழுதடையவில்லை, தனக்கு இட்ட கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. பட்டியில் தொங்குபவரின் பாரமோ பக்கிளுக்குள் செருகியிருக்கும் உலோக நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுவை நேராக இல்லாமல் கோணலாக இருந்தால் பொத்தான் இன்னும் அடம் பிடிக்கும்.

படித்ததை நம்புவதற்கு எனக்கு உடம்பால் ஒரு சாட்சி தேவைப்பட்டது. பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம், உடைத்து விற்பதற்காகக் கிடந்த பழைய ஜப்பானியக் கார் ஒன்று இருந்தது. ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து அதைப் பக்கவாட்டில் சரித்து, இரண்டு பழைய டயர்களை அண்டை கொடுத்து நிறுத்தினோம். நான் உள்ளே ஏறி, மேற்பக்கமாக வந்துவிட்ட ஆசனத்தில் என்னைக் கட்டிக்கொண்டேன். பிடித்திருந்த நண்பர்கள் கையை விட்டதும், என் உடம்பின் பாரம் எல்லாம் இடுப்பெலும்பின் ஓரத்தில் வந்து இறங்கியது. முதல் நிமிடத்தில் சிரிப்பு வந்தது. இரண்டாவது நிமிடத்தில் மூச்சை ஆழமாக இழுக்க முடியவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே பட்டி கிடக்க, வயிறு கீழ்நோக்கித் தொங்கியது. பக்கிள் எங்கே இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் என் இடுப்பே அதை மூடிவிட்டதால், விரல் பொத்தானில் போய் அமர்வதற்குப் பதிலாக அதன் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தது. "மூச்சு முட்டுது" என்று அந்த அம்மா சொன்னதை நான் பயத்தின் பேச்சு என்று நினைத்திருந்தேன். அது உண்மையாகவே மூச்சைப் பற்றிய பேச்சு.

பிறகு ஒரு காலை எதிர்ப்பக்க ஆசனத்தின் மேல் ஊன்றி, ஒரு கையால் கூரையைத் தள்ளி, இடுப்பை ஓர் அங்குலம் மட்டும் உயர்த்தினேன். அந்த ஓர் அங்குலம் போதுமானதாக இருந்தது. பட்டியிலிருந்த இழுவை குறைந்ததும், அதுவரை கல்லாக இருந்த பொத்தான் சாதாரண நாளில் திறப்பதுபோலத் திறந்தது. கீழே நின்ற நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொள்ளாதிருந்தால் நானும் தோளை முறித்துக்கொண்டிருப்பேன் என்பது வேறு கதை.

அன்றிலிருந்து வண்டிக்குள் நுழைந்ததும் என் கை முதலில் பொத்தானுக்கோ கட்டருக்கோ போவதில்லை. உள்ளே இருப்பவரின் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தேடிப் போகிறது. சரிந்த வண்டியில் ஒருவர் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே தம் தோளைக் கொடுத்துத் தாங்குவார், இன்னொருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருப்பார், அதன் பின்னரே மூன்றாமவர் பக்கிளைத் தொடுவார். இருவர் மட்டுமே இருந்தால், புகையோ தீயோ இல்லாத வரையில், மூன்றாமவர் வரும்வரை தாங்கிக்கொண்டு காத்திருப்போம், அல்லது கூடி நிற்பவர்களில் தெம்பான ஒருவரை உள்ளே அழைப்போம். கொழும்பில் விபத்து நடந்த இடத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. முச்சக்கரவண்டிச் சாரதிகள் எங்களுக்கு முன்பே வந்திருப்பார்கள். அவர்களுடைய உதவியில் ஒரேயொரு குறை, அவர்கள் இழுப்பதில் வல்லவர்கள், தாங்குவதற்கு மட்டும் பழக்க வேண்டும்.

நேராக நிற்கும் வண்டியில் கதை வேறு. வெள்ளவத்தை மரைன் டிரைவில் நள்ளிரவில் மின்கம்பத்தில் மோதிய காருக்குள் ஓர் இளைஞர், எயார்பேக் தூள் முகமெல்லாம் படிந்திருக்க, பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெளியே வரும் அவசரத்தில் முழு பலத்தோடு முன்னோக்கி இழுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். இப்போதைய கார்கள் பலவற்றில், மோதலின் முதல் சில மில்லிசெக்கன்களிலேயே சிறிய வெடிப்பொருள் ஒன்று பட்டியைப் பின்னிழுத்து இறுக்கிவிடும். அதன் பின்னர் அந்தச் சுருள் பெரும்பாலும் தளர்ந்து கொடுப்பதில்லை. நான் கதவோரம் நின்று, "தம்பி, சீட்டில் நல்லாச் சாய்ந்து இருங்கோ, முதுகு ஒட்டட்டும்" என்றேன். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் சாய்ந்ததும் என் ஒரு கையால் இடுப்புப் பட்டியைப் பக்கிளை நோக்கித் தள்ளி, மறு கையால் பொத்தானை நேராக உள்நோக்கி அழுத்தினேன். நாக்கு துள்ளி வெளியே வந்தது. கட்டர் அதன் உறைக்குள்ளேயே இருந்தது.

பக்கிள் உண்மையாகவே சிக்கிக்கொள்வதும் உண்டு. பக்கவாட்டில் பலமாக மோதப்பட்ட கார்களில் ஆசனம், முன்னாசனங்களுக்கு இடையிலுள்ள நடுப்பெட்டியின் மீது நெருக்கப்பட்டு, பக்கிள் இரண்டுக்கும் நடுவே புதைந்துவிடும். மோதலுக்கும் உற்பத்தியாளருக்கும் சம்பந்தமில்லாத காரணங்களையும் கண்டிருக்கிறேன்: தைத்துப் போட்ட தடித்த ஆசன உறைக்குள் பாதி மறைந்துபோன பக்கிள், நாக்கோடு சேர்ந்து உள்ளே போய்விட்ட துப்பட்டா நுனி, குழந்தைகள் போட்ட நாணயமும் பிஸ்கட் தூளும். உறை தைப்பவரிடம் பக்கிள் வெளியே நிற்கும்படி வெட்டித் தரச் சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, யாரும் சொல்வதில்லை.

வெட்டத்தான் வேண்டும் என்றால், அதற்கு நாங்கள் பழகிய ஒரு முறை இருக்கிறது. தொய்ந்து கிடக்கும் பட்டியில் கத்தி வழுக்கும்; இழுபட்டு நிற்கும் பட்டி சட்டென்று அறும். எனவே பட்டியை உடம்பிலிருந்து சற்று உயர்த்தி, கட்டரின் கொக்கியை விளிம்பில் மாட்டி, குறுக்காக அன்றிச் சாய்வாக, காயப்பட்டவருக்கு எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். தோள் பட்டியைத் தோளுக்கு மேலே, கழுத்திலிருந்து தள்ளி வெட்டுவேன். இடுப்புப் பட்டியைக் கடைசியில்தான் வெட்டுவேன், ஏனெனில் பாரத்தை இறுதிவரை தாங்குவது அதுதான். எங்களிடமுள்ள தடித்த கத்தரிக்கோலாலும் வெட்டலாம், ஆனால் நேரம் எடுக்கும். சமையலறைக் கத்தியை நீட்டிக்கொண்டு ஓடிவருபவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவேன். கதவுத் தூணையே வெட்ட வேண்டிய நிலை வந்தால் அது தீயணைப்பு வீரர்களின் வேலை; 110 ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்போம். அவர்கள் தூணின் உட்புற பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பார்த்த பின்னரே இயந்திரக் கத்தரியை வைப்பார்கள், ஏனெனில் பட்டியை இறுக்கும் வெடிப்பொருளும் எயார்பேக்கின் வாயுக் குப்பியும் அந்தப் பகுதிகளில் ஒளிந்திருக்கக்கூடும்.

நான் வெட்டிய பட்டி ஒன்றுக்காக, அந்தக் காரின் சொந்தக்காரர் இரண்டு நாள் கழித்து எங்கள் நிலையத்துக்கே வந்து, "கழற்றியிருக்கலாமே, ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டார். காருக்குள் இருந்தவர் அவருடைய மனைவி. நான் விளக்கம் சொல்லி முடித்ததும், அதைத் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துவிடலாமா என்று கேட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. தைத்த பட்டி பட்டியே அல்ல; வெட்டாத பட்டியைக்கூட, ஒரு கடும் மோதலைத் தாங்கிய பின்னர் முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும்.

எங்கள் நாட்டில் சாரதியும் முன்னாசனத்தில் இருப்பவரும் பட்டி அணிவது 2011 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. பின்னாசனத்தில் அணிபவர்களை நகரத்துக்குள் இன்றும் அரிதாகவே காண்கிறேன். கேட்டால், "விபத்து நடந்தால் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போய்விடும்" என்பார்கள். நான் கண்டவரையில், வெளியே எடுக்க முடியாமல் நாங்கள் திண்டாடியவர்களில் பெரும்பாலானோர் பட்டி அணியாமல் முன்னாசனத்துக்கு அடியில் மடங்கிக் கிடந்தவர்கள். அவர்களிடம் அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை, வெட்டுவதற்கு எதுவும் இல்லை. பட்டியில் தொங்குபவரோ பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார், எங்களைத் திட்டக்கூடச் செய்வார். ஆனால் பட்டி கிடந்த இடத்தில் வயிற்றுக்குக் குறுக்கே கன்றிய கோடு தெரிந்தால், அவர் எவ்வளவு தெம்பாகப் பேசினாலும், உள்ளே காயம் இருக்கலாம் என்று வைத்தியசாலையில் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவோம்.

இன்னொன்றையும் காலம் கடந்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் குழுவில் பெரும்பாலும் நான் ஒருவனே தமிழ் பேசுபவன். தலைகீழாகத் தொங்கும் ஒரு மலையகத் தாய்க்கோ கொட்டாஞ்சேனைப் பெரியவருக்கோ, சிங்களத்தில் அவசரமாகச் சொல்லப்படும் கட்டளைகள் அந்த நேரத்தில் காதில் ஏறுவதில்லை. வேறு நாட்களில் சரளமாகச் சிங்களம் பேசுபவர்கள்கூட அப்போது அம்மாவின் மொழியில்தான் கேட்கிறார்கள். ஆகவே என்னோடு வேலை செய்யும் சிங்களத் தம்பிமாருக்கு மூன்று வாக்கியங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: "நான் பிடிச்சிருக்கிறேன்." "இப்ப வெட்டப் போறேன்." "விழ மாட்டீங்கள்." உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வரிசை மட்டும் மாறக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதை மனப்பாடம் செய்து, தேநீர் நேரத்தில் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு விளையாட்டாகச் சொல்லிப் பார்ப்பார்கள்.

கொழும்பின் கடற்காற்று எஃகை விட்டுவைப்பதில்லை. காலி வீதிப் பக்கம் நிறுத்தப்படும் வண்டிகளில் கட்டரின் அலகு சில மாதங்களிலேயே பழுப்பேறத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் அதைத் துடைத்து, ஒரு பழைய பட்டித் துண்டில் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். நான் தொங்கிப் பார்த்த அந்தப் பஞ்சிகாவத்தைக் காரிலிருந்து கழற்றி வந்த பட்டி அது. இரண்டு மீற்றருக்கு மேல் இருந்தது, இப்போது என் உள்ளங்கை நீளத்துக்குக் குறைந்துவிட்டது. அடுத்த போயாவுக்கு நண்பரிடம் போய் இன்னொன்று கேட்க வேண்டும்.