ஒரு வயதானதும் வரும் ஃபோன்

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் ஆபீஸ் ஃபோன் ஓயாது. எடுத்ததும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. பிறகு, "ரொம்பப் பாசமான குட்டிங்க, ஆனா..." என்று தொடங்குவார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்: சோபாவின் பஞ்சு, பக்கத்து வீட்டுக் கோழி, ஆறடி வேலி, கவுன்சில் அனுப்பிய நோட்டீஸ். முடிவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: குட்டியை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா? அதன் வயதை நான் கேட்பதே இல்லை. ஒரு வயதை ஒட்டித்தான் இருக்கும்.

மெல்போர்னிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், யூகலிப்டஸ் காட்டின் ஓரத்தில், ஆஸ்திரேலியக் காட்டில் திரியும், நாய் போன்ற டிங்கோக்களுக்கான காப்பகம் ஒன்றை ஆறு வருடமாக நடத்துகிறேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் கழிவு அள்ளுவது, மதியம் கம்பி கட்டுவது, சாயந்திரம் நன்கொடை கேட்டு மெயில் எழுதுவது. 31 டிங்கோக்கள், சம்பளத்துக்கு என்னையும் சேர்த்து மூன்று பேர், மற்றவர்கள் தன்னார்வலர்கள். மதுரையில் அம்மாவுக்கு இது இன்னமும் பிடிபடவில்லை. "நாய்க்குச் சோறு வைக்கவா ஃபிளைட் ஏறிப் போன?" என்பாள். சொந்தக்காரர்களிடம் மட்டும் 'செந்நாய்' என்று சொல்லி வைத்திருக்கிறாள், கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று. செந்நாய் வேறு. அது முதுமலைக் காட்டில் கூட்டமாக மானைத் துரத்தும் தனி இனம். டிங்கோ பார்வைக்கு நம் தெருநாய் மாதிரிதான்: நிமிர்ந்த காது, செம்மண் நிறம், வெள்ளைப் பாதம். தெப்பக்குளத்துக் கரையில் ஒன்றைக் கொண்டுபோய் விட்டால் இரண்டு நாளைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் அது யார் வீட்டு மாடியிலாவது நிற்கும். அப்போது பார்ப்பார்கள்.

அம்மா சொல்லும் சோறும் இவற்றுக்கு ஒத்துவராது. முதல் வருடம் ஆசையாகக் கொஞ்சம் தயிர்சாதம் வைத்துவிட்டு இரண்டு நாள் கூண்டைக் கழுவினேன். நாய்கள் மனிதனோடு சேர்ந்து தானியம் தின்னப் பழகியவை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு அவற்றிடம் பல நகல்களாக இருக்கிறது. டிங்கோவிடம் ஒன்றே ஒன்றுதான் என்று 2022-ல் வெளியான ஆய்வு சொன்னது. எனக்கு அது தாமதமாக வந்த ஆறுதல். கோழி எலும்புக்கூடும் கங்காரு இறைச்சியும்தான் இங்கே சாப்பாடு. எங்கள் பட்ஜெட்டில் பாதி அதில் போகிறது. மீதியில் பெரும்பங்கை வேலி தின்றுவிடும்.

வேலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவலை, அதன் தலையில் உள்பக்கமாக மடங்கிய இன்னொரு வலை. தோண்டிக்கொண்டு போகாமலிருக்கத் தரையிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு வலை விரித்துக் கல் ஏற்றியிருக்கிறோம். ஒவ்வொரு கூண்டுக்கும் இரண்டு கதவு. ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். டிங்கோ முன்னங்காலைக் கை மாதிரித் திருப்பும், கழுத்தை வளைத்து முதுகுக்குப் பின்னால் பார்க்கும்.

செம்பி வந்தபோது அவளுக்குப் பதினாலு மாதம். பெயர் நான் வைத்தது. இங்குள்ளவர்கள் வாயில் அது 'செம்பீ' ஆகிவிட்டது. முதல் வாரம் கூண்டு மேடையை விட்டு இறங்கவில்லை. முகத்தைப் பார்க்க மாட்டாள், என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எட்டாம் நாள் காலையில் உள்கதவின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. வெளிக்கதவை முந்தின நாள் தள்ளுவண்டிக்காகத் திறந்து வைத்தவன் நான்தான், மூட மறந்துவிட்டேன். கைகால் ஓடவில்லை. அடுத்த மேட்டில் ஆட்டுப் பண்ணை. அவள் அங்கே போயிருந்தால் அவளுக்கும் முடிந்தது, காப்பகத்துக்கும் முடிந்தது. அரை மணி நேரம் தேடிவிட்டுத் தீவன அறைக்குள் போனால், கோழி எலும்புக்கூட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வயிறு உப்பிப் படுத்திருக்கிறாள். அன்றே தூக்கித் திருப்பும் வகைக் கொண்டி ஒன்று மாட்டினேன். நான்கே நாள் தாங்கியது.

இந்த நாட்டில் டிங்கோ என்றால் ஒன்று பயம், இல்லாவிட்டால் கொஞ்சல். ஃபோன் செய்பவர்கள் எல்லோரும் கொஞ்சல் கட்சி. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் டிங்கோ வளர்க்க உரிமம் வேண்டும், குயின்ஸ்லாந்தில் வளர்க்கவே கூடாது, நியூ சவுத் வேல்ஸில் சாதாரண நாய் போலவே வளர்க்கலாம். எட்டு வாரக் குட்டி யார் மனதையும் கரைத்துவிடும். சிட்னிப் பக்கத்துத் தாருக் மொழியிலிருந்து வந்ததுதான் 'டிங்கோ' என்ற சொல். முகாமில் மனிதரோடு இருந்ததற்கு அந்தப் பெயர். காட்டில் திரிந்ததை 'வாரிகல்' என்றார்கள். பூர்வகுடிகள் குட்டியைக் குகையிலிருந்து எடுத்து வந்து வளர்ப்பார்கள், குளிர் இரவில் அணைத்துப் படுப்பார்கள். பருவம் வந்ததும் அது துணை தேடிக் காட்டுக்குப் போய்விடும். டிங்கோ, வாரிகல் ஆகிவிடும். வருடத்துக்கு ஒரே இனப்பெருக்கக் காலம்தான், அதுவும் மார்ச் வாக்கில் தொடங்குகிறது. இப்போது எங்கள் ஃபோன் ஏன் அப்போது அடிக்கிறது என்று புரியும். அந்தக் குட்டிகளிடம் எந்தக் கோளாறும் இல்லை. கிளம்ப வேண்டிய வயதில் கிளம்பப் பார்க்கின்றன. புறநகரின் தகர வேலிதான் விடுவதில்லை. காட்டுக்குப் போக முடியாததற்கு நாங்கள் கொடுப்பது இன்னொரு வேலி, கொஞ்சம் பெரிதாக. இதற்கு 'மீட்பு' என்று பெயர். நன்கொடை மெயிலில் அந்த வார்த்தையை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூசும்.

(டிங்கோக்கள் இந்தியாவிலிருந்து வந்தவை என்று வாட்ஸாப்பில் ஒன்று சுற்றுகிறது. 2013-ல் ஓர் ஆய்வு அப்படிக் கோடி காட்டியது உண்மை. பிறகு வந்தவை அதை ஆதரிக்கவில்லை. டிங்கோவுக்கு நெருங்கிய சொந்தம் நியூ கினியின் பாடும் நாய். மிகப் பழைய எலும்புகள் கிடைத்தது ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளியின் மதுரா குகையில், 3,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அந்தப் பெயரைப் பார்த்ததும் மதுரையோடு முடிச்சுப் போட்டு எங்கள் சித்தப்பா அனுப்பிய மெசேஜ் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது.)

இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் மாதக் குளிரில், வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. அறுபது வயது இருக்கும் அவருக்கு. ஆப்பிள் பெட்டியில் பழைய கம்பளிச் சட்டை, அதற்குள் கண் திறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு குட்டி. "இந்த வருஷம் ஏழு ஆட்டுக்குட்டி போச்சு. தாயைச் சுட்டது நான்தான்," என்றார், என்னைப் பார்க்காமல். "இது புதர்ல கத்திக்கிட்டே இருந்துச்சு." பெட்டியைக் கொடுத்த பிறகும் சட்டையின் ஓரத்தை அவர் விடவில்லை. "யார் கொண்டுவந்தான்னு மட்டும் எழுதிடாதீங்க. ஊர்ல சிரிப்பாங்க." பதிவேட்டில் 'வழிப்போக்கர்' என்று எழுதினேன்.

அவரிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. இந்த மாநிலமே 2008-ல் டிங்கோவை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது. ஆனாலும் கிழக்கே தனியார் நிலத்திலும் அதை ஒட்டிய அரசு நிலத்தில் 3 கிலோமீட்டர் வரையிலும் கொல்லலாம் என்கிறது. 'டிங்கோ' என்று எழுதினால் கேள்வி வரும் என்று 'காட்டு நாய்' என்றே அறிவிப்புகளில் எழுதுகிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை கலப்பில்லாத டிங்கோ என்று 2023 மரபணு ஆய்வு காட்டியது. மாற்று மருந்தே இல்லாத 1080 என்ற நஞ்சை ஏற்றி இறைச்சித் துண்டுகளைப் போடுகிறார்கள். ஒன்றையும் சொல்லவில்லை. ஏழு குட்டி போனது அவருக்கு. என் சம்பளம் ஆட்டை நம்பி இல்லை.

குயின்ஸ்லாந்திலிருந்து தெற்குக் கடலின் செங்குத்துப் பாறை வரை 5,614 கிலோமீட்டருக்கு டிங்கோ வேலி ஓடுகிறது, ஆட்டைக் காப்பாற்ற. அந்த மனிதரும் தன் பண்ணையைச் சுற்றிப் போன வருடம் நல்ல வலையாகப் போட்டுவிட்டார். மிஞ்சிய இரண்டு சுருளை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, குட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வண்டிக்குள் இருந்தபடியே கேட்டார். பார்க்கக் கூப்பிட்டேன், இறங்கவில்லை. அந்த வலையால்தான் செம்பியின் கூண்டை அகலப்படுத்தினோம். அவர் கொண்டுவந்த குட்டி இப்போது அவளோடுதான் இருக்கிறது. இருட்டினதும் இரண்டும் சேர்ந்து ஊளையிடும். எங்கோ காட்டுக்குள்ளிருந்து சில நாள் பதில் வரும்.

இந்த வருடம் இதுவரை பதினோரு ஃபோன். ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. மற்ற பத்துப் பேரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் வெளியே போய் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். செம்பியின் கதவில் இப்போது சாவிப் பூட்டு. சாவி என் சட்டைப் பையில். இருந்தும் பூட்டும்போது அவளுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன்.