தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒரு பட்டறை

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் வலது சுவரில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. மேலே இருப்பது 2015 டிசம்பர் வெள்ளம், தரையிலிருந்து 38 அங்குலம். கீழே இருப்பது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை, 28 அங்குலம். சேற்றுக் கறை காய்வதற்குள் ஆசாரிகள் வைத்திருக்கும் தட்டைப் பென்சிலால் அழுத்தி வரைந்து, பக்கத்தில் தேதியும் எழுதினேன். ஷெட்டை ஒழுங்கு பண்ணி தச்சு வேலைக்கு இடம் அமைத்ததில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது அந்த இரண்டு கோடுகள்தான்.

2015-இல் கொலு பொம்மைப் பெட்டிகள் தரையில்தான் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா ஒவ்வொன்றாகத் திறந்தார். காகிதக்கூழ் தசாவதாரம் பத்தும் ஒரே கூழாகிக் கிடந்தது. மச்சம் எது, கூர்மம் எது என்று தெரியவில்லை. செட்டியார் கடை செட்டின் மண் பொம்மைகள், செட்டியார் உட்பட, உடையாமல் நின்றன, ஆனால் முகத்தில் வர்ணம் போய் கண் இல்லை. சேற்றுக்கு அடியில் மரப்பாச்சி ஜோடி மட்டும் முழுசாக இருந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எட்டு வருடம் கழித்து மறுபடி தண்ணீர் வந்தபோது பெட்டிகள் மாடியில் இருந்தன. கீழே நின்ற காரும், அப்பாவின் கருவிப் பெட்டியும் மூழ்கின.

காரை விற்றுவிட்டோம். 10-க்கு 18 அடி இடம் காலியானது. 2024 பொங்கலுக்கு முன், போகியன்று, ஷெட்டை முழுக்க வெளியே எடுத்து வாசலில் பரப்பினேன். இருபது வருடச் சாமான். உடைந்த மிக்ஸி இரண்டு, பெயின்ட் டப்பாக்கள், பழைய கதவு நிலை ஒன்று, சமையலறையை மாற்றியபோது கழற்றிய கடப்பா கற்கள். நிலையைத் தட்டினால் சத்தம் பொத்தென்று வந்தது. உள்ளே முழுக்கக் கரையான். மரத்தில் வேலை செய்யப்போகிற இடத்தில் இது பெரிய விஷயம் என்பதால் முதல் செலவே கரையான் மருந்துக்குத்தான். தரையும் சுவரும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, மருந்து இறக்கி, சிமென்டால் அடைத்தார்கள்.

அடுத்து ஒரு தப்பு செய்தேன். சுவர் பார்க்கக் காய்ந்தமாதிரி இருக்கவே பிப்ரவரியில் எமல்ஷன் அடித்துவிட்டேன். மார்ச்சில் கோட்டுக்குக் கீழே முழுக்கக் கொப்புளம், அதன் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. செங்கல்லுக்குள் இருந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போனதுதான் காரணம். எல்லாவற்றையும் சுரண்டி, மே மாத வெயிலில் ஷட்டரைத் திறந்து போட்டுக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே பூட்டாது. இன்றுவரை அந்தச் சுவர் நன்றாக இருக்கிறது. வெள்ளம் பார்த்த சுவர் யாரிடமாவது இருந்தால், ஒரு கோடைக்காலம் முழுசாகக் கொடுங்கள்.

ரேக் வேலை சுலபம். பழைய இரும்புக் கடையில் ஓட்டை ஆங்கிளும் தட்டுகளும் எடைக்கு வாங்கி, துரு தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து மாட்டினேன். 38 அங்குலத்துக்குக் கீழே பிளாஸ்டிக் டிரம், இரும்பு, பூந்தொட்டி, ஹோஸ் என நனைந்தால் கழுவிக்கொள்ளக்கூடியவை மட்டும். அதற்கு மேலே மற்றதெல்லாம். பொம்மைகளை அம்மாவின் பழைய நூல் புடவைத் துண்டுகளில் சுற்றி, மூடி போட்ட பெட்டிகளில் வைத்து, வசம்பு போட்டு, ஷட்டருக்கு மேலே உள்ள பரணுக்கு ஏற்றிவிட்டோம்.

என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது வேலை மேசைதான். இழைப்புளி பிடித்து இழுக்க எனக்கு வாகான உயரம் 33 அங்குலம். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடங்கும் இடம் அதுதான். அந்த உயரம் 2023 கோட்டுக்கு மேலே, 2015 கோட்டுக்கு ஐந்து அங்குலம் கீழே. மேசையை உயர்த்தினால் தோள் வலிக்கும், அப்படியே விட்டால் 2015 மாதிரி தண்ணீர் வந்தால் பலகை நனையும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், மேசையை இரண்டு துண்டாக்கிவிடலாம் என்று தோன்றியது. கால்கள் தண்ணீரில் நிற்கட்டும், பலகை மட்டும் கையோடு வரட்டும்.

கால்சட்டம் ஒன்றரை அங்குல ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புச் சதுரக் குழாயில். வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்தது. வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும், துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். அதனால் ஒவ்வொரு பற்றுக்கும் சிங்க் பெயின்ட் இரண்டு கை அடித்தேன். பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட, ஈரம் தாங்கும் 19 மி.மீ. மரைன் பிளைவுட். எட்டுக்கு நான்கு ஷீட்டில் ஐந்துக்கு இரண்டு அடியாக இரண்டு துண்டு கிடைக்கும். இரண்டையும் வாட்டர்ப்ரூஃப் பசையால் ஒட்டி, இரவு முழுக்க மேலே பாரம் ஏற்றி வைத்தேன். எடை 24 கிலோ, இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். பலகையின் அடியில் நான்கு மூலையிலும் தேக்குக் கட்டைகள். அவை சட்டத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். திருகாணி ஒன்றுகூடக் கிடையாது.

முதல் நாள் இழைத்தபோது மேசை மொத்தமும் என் கூடவே நகர்ந்தது. சட்டம் லேசு. அப்போதுதான் கடப்பா கற்கள் ஞாபகம் வந்தன. இரண்டைச் சட்டத்தின் கீழ்த்தட்டில் ஏற்றினேன். ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், தண்ணீரும் ஒன்றும் செய்யாது. அதற்குப் பிறகு மேசை அசையவில்லை. சுவரில் ஐந்தடி உயரத்தில் ஆங்கர் போல்ட் போட்டு மூன்று இரும்புக் கைகள் பதித்தேன். மழை எச்சரிக்கை வந்தால் பலகை அங்கே ஏறி உட்கார வேண்டியதுதான்.

கருவிகளுக்கும் அதே முறை. ஷீட்டில் மிஞ்சியதை மூன்று மாட்டுப்பலகைகளாக அறுத்தேன். 45 டிகிரி சாய்வாக அறுத்த பட்டி ஒன்று சுவரில், அதற்கு எதிர்ச்சாய்வில் ஒன்று பலகையின் முதுகில். மேலே தூக்கி இறக்கினால் கொக்கிபோலப் பிடித்துக்கொள்ளும், எடுக்க ஒரு நொடி. உளிகள் ஒரு பலகையில், ரம்பங்களும் மூலைமட்டமும் இன்னொன்றில், டிரில்லும் சில்லறையும் மூன்றாவதில். படியேற வேண்டி வந்தால் பெட்டி கட்ட வேண்டாம், பலகையோடு தூக்கிக்கொண்டு போகலாம்.

மின்சாரத்துக்கு வந்த தம்பி, “நாலு அடில வெச்சா கைக்கு வசதியா இருக்கும் சார்” என்றார். கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், “அப்போ வயரையும் மேலேர்ந்தே இறக்கிடலாம்” என்றார். அப்படியே ஐந்தரை அடியில் இரண்டு 16 ஆம்பியர் பிளக், தனி லைன், மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரத் தரையில் நின்று டிரில் பிடிக்கிற இடத்தில் அது இல்லாமல் தொடங்கவே கூடாது. விளக்கு 20 வாட் எல்.இ.டி. பட்டி இரண்டு. முதலில் நடுக்கூரையில் போட்டபோது என் நிழல் வேலையின் மேலேயே விழுந்தது. மேசை விளிம்புக்கு நேர் மேலே நகர்த்தினதும் சரியாகிவிட்டது.

ஜூலையில் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். ஏழு மாதம் அதைத் தொட மனசு வரவில்லை. மர இழைப்புளி வெடிக்காமல் இருந்தது, அலகு மட்டும் செம்மண் நிறத்தில். வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் பூசினேன். துருவுக்கு அடியில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. சாணைக்கல்லில் 25 டிகிரி வைத்து, குழியெல்லாம் தாண்டி நல்ல இரும்பு வரும்வரை மூன்று மாலை தேய்த்தேன். நான்காம் நாள் ஒரு தேக்குத் துண்டில் ஓட்டினேன். முதலில் தூளாக வந்தது. அலகை ஒரு மயிரிழை உள்ளே தட்டி மறுபடி இழுத்தேன். சர்ரென்று ஒரே சுருள், வெங்காயத் தோல்மாதிரி, மறுபக்கம் என் விரல் தெரிந்தது. தேக்கு எண்ணெய் வாசனை ஷெட் முழுக்க. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசனையோடுதான் சாப்பிட வருவார்.

அந்த மேசையில் செய்த முதல் உருப்படியான பொருள் கொலுப்படி. ஐந்து படி, மடக்கினால் ஒரு கைப்பிடி அகலம். கீல் மூன்று முறை மாற்ற வேண்டி வந்தது, ஏனென்றால் முதல் இரண்டு முறையும் மடக்கும்போது படிகள் ஒன்றோடொன்று இடித்தன. செப்டம்பர் கடைசியில் வர்ணம் காய்ந்தது. நவராத்திரியில் மரப்பாச்சி ஜோடியை மேல்படியில் அம்மாவே வைத்தார்.

பொம்மைகள் பரணுக்குத் திரும்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை, 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நானும் மகனும் ஷெட்டுக்குள் போனோம். “அப்பா, நீங்க அந்த முனையப் பிடிங்க” என்றான். பலகை சட்டத்திலிருந்து கழன்று இரும்புக் கைகளில் உட்கார்ந்தது. மாட்டுப்பலகைகள் மூன்றும் மாடிக்குப் போயின. எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம். அந்த முறை தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர்தான், ஷட்டரைத் தாண்டவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பலகையை இறக்கினோம். மாடியிலிருந்து வந்த உளிப்பலகையில் ஒரு உளி லேசாக ஆடுகிறது, துளை பெரிசாகிவிட்டது. இந்த ஞாயிறு அதற்குத் தோல் பட்டை அடிக்க வேண்டும். அப்புறம், கண் போன அந்தச் செட்டியாருக்கு முகம் எழுத அம்மா வர்ணம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். மேசையின் ஓரத்தில் அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டாயிற்று.