பின்னால் கட்டிய கைகள்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது பள்ளி நினைவுகளை. விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதி வாழ்க்கை என்று எழுத நம் சங்கத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. எனக்கு மறக்காமல் நிற்பது இரண்டாம் வகுப்புக் கைப்பணிப் பாடம்தான். அது சும்மாவும் நிற்பதில்லை. ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி வரும் நம் ஒன்றுகூடலில், மண்டபத்தின் மூலையில் பழைய செய்தித்தாள் விரித்த மேசைக்கு முன் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

பெரியவர்கள் அறிக்கை வாசித்து, கணக்குக் காட்டி, ஒருவரையொருவர் முன்மொழிந்து வழிமொழிந்து முடிக்கும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அப்படித்தான் அந்த மேசை என் தலையில் விழுந்தது. முதல் ஆண்டு நான் செய்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஒரு வாரம் கண்விழித்து வெள்ளை அட்டையில் பதினெட்டு முயல்கள் வெட்டினேன். காதுக்கு இளஞ்சிவப்புத் தாள், மூக்குக்கு ஒரு பொட்டு, எல்லாம் அளவெடுத்துத் தனித்தனி உறையில். குழந்தைகள் செய்ய வேண்டியது ஒட்டுவது மட்டும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அதையும் பாதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே குனிந்து ஒட்டிக் கொடுத்தார்கள். பதினெட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே முயல். மாலையில் மண்டபம் கூட்டும்போது நாற்காலிகளுக்கு அடியில் அவற்றில் ஏழு கிடந்தன. தன் கை படாத முயலை எந்தக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுபோகும்?

அன்று இரவுதான் டீச்சரின் நடை நினைவுக்கு வந்தது.

கைப்பணி டீச்சர் வகுப்பில் நடக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒவ்வொரு மேசையாக வந்து நின்று, குனிந்து பார்த்து, "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதை நாங்கள் கண்டிப்பின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டோம். அவர் இல்லாத நேரத்தில் அதேபோல் நடந்து காட்டிச் சிரித்திருக்கிறோம். அவர் தம் கைகளைத்தான் கட்டிப்போட்டிருந்தார் என்பது, என் கைகள் அடுத்தவர் பிள்ளையின் முயல் காதை நிமிர்த்தத் துடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

டீச்சரிடம் ஒரு துண்டுச் சாக்கு இருந்தது. தையற்காரர் கழித்த துணி, பழைய நாட்காட்டித் தாள், நூற்கண்டின் உள் உருளை, எல்லாம் அதற்குள் போகும். பாடம் தொடங்கும்போது சாக்கைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். இன்று நான் கவிழ்ப்பது ஒரு பிளாஸ்டிக் கூடை. அதிலும் முட்டைப் பெட்டி, கழிப்பறைத் தாளின் உள் உருளை, பஞ்சு, கம்பளி நூல், உடுப்புக் கிளிப் என்று வீட்டில் கழிந்த பொருள்களே அதிகம்.

கத்தரிக்கோலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இடக்கையன். வேறொரு வகுப்பில் அதற்காக விரல் மூட்டில் அடி வாங்கியவன். சாதாரணக் கத்தரிக்கோல் வலக்கைக்காரருக்கென்று பூட்டப்பட்டது. வலது கை அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கும். இடது கை அழுத்தினால் அதே விசை அவற்றை விலக்கிவிடும். தாள் வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்து சிக்கும். போதாததற்கு, மேல் அலகு கோட்டையும் மறைத்துக்கொள்ளும். இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது. எனக்குக் கைவேலை வராது என்று மட்டும் தெரியும், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

டீச்சர் என் மேசைக்கு வந்தார். நான் கடித்துக் குதறி வைத்திருந்த தாளைப் பார்த்தார். பின்னால் கட்டிய கையை அவர் அவிழ்த்து நான் பார்த்தது அப்போதுதான். கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ கிழி தம்பி" என்றார்.

தண்டனை என்று நினைத்தேன். ஒரு செய்தித்தாளை என் கையில் கொடுத்து, "மேலிருந்து கீழே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை கிழித்துப் பார்" என்றார். ஒரு பக்கம் கோடு போட்டதுபோல் நேராகக் கிழிந்தது, மறுபக்கம் போன போக்கில் வளைந்து திரும்பியது. ஆலையில் தாள் உருவாகும்போது அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுவதால் அப்படி. டீச்சர் அதைச் சொன்னாரா, நானே பிறகு படித்தேனா என்று நினைவில்லை. நேராகக் கிழிவது தண்டுக்கும் வேலிக்கும், வளைந்து கிழிவது மலைக்கும் மேகத்துக்கும் என்று அவர் பிரித்துக் கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. கிழித்த ஓரத்தில் மெல்லிய பிசிறு இருக்கும். கத்தரித்த தாளில் அது வராது. ஆட்டுக்குட்டியின் உரோமத்துக்கும் குஞ்சின் தூவிக்கும் அந்தப் பிசிறைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் கண்டதில்லை. அந்தத் தவணை முடிவில் சுவரில் ஒட்டப்பட்ட படங்களில் என்னுடையதும் இருந்தது. சுவரில் ஏறிய என் படம் அது ஒன்றுதான்.

இப்போது என் கூடையில் இடக்கைக் கத்தரிக்கோல் மூன்று இருக்கின்றன, பிடியில் சிவப்பு நூல் சுற்றி. என் மகளின் மகளும் இடக்கைக்காரிதான். ஐந்து வயது. சிவப்பு நூல் தனக்கு மட்டும் கிடைத்த பதக்கம் என்பது அவளுடைய எண்ணம்.

வெட்டுவதில் மூன்று வயதுக் குழந்தையிடம் முயலையோ முட்டையையோ எதிர்பார்க்கக் கூடாது. பச்சைத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டிக் கொடுங்கள். ஓரத்தில் அடுத்தடுத்துச் சின்னச் சின்ன வெட்டு, அவ்வளவுதான். ஒரு முறை மூடித் திறந்தால் ஒரு வெட்டு. கீற்றைச் சுருட்டி நிறுத்தினால் புல். கடைசிவரை வெட்டித் துண்டாக்கிவிட்டாலும் குற்றமில்லை, அதுவும் புல்தான். நான்கு வயதில் நேர்கோடு வரும். வளைவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். அப்போது டீச்சரின் வாக்கியம் ஒன்று உதவும்: "கத்தரிக்கோல் நிற்கட்டும், தாள் திரும்பட்டும்." கையை முறுக்கிக்கொண்டு தாளைச் சுற்றிவரும் குழந்தைக்கு இதை ஒருமுறை செய்து காட்டினால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

முட்டை வடிவமும் வண்ணத்துப்பூச்சியும் தாளை இரண்டாக மடித்து அரைப்பகுதியை வெட்டினால் தாமாகவே சமச்சீராக வந்துவிடும். ஆனால் மடிப்பு இருக்கும் பக்கத்தை யாராவது ஒருவர் வெட்டியே தீருவார். விரித்தால் இரண்டு அரை முட்டைகள். சென்ற முறை அப்படி வெட்டிய சிறுவன் அழத் தயாரானான். அதற்குள் பக்கத்திலிருந்தவள், "உன்னுடைய குஞ்சு வெளியே வந்துவிட்டது" என்றாள். உடனே அவன் மஞ்சள் தாள் தேடப் போனான். நான் வாய் திறக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் வர்ணத்தில் முள்கரண்டியின் முதுகைத் தொட்டு வட்டமாக ஒற்றி ஒற்றி எடுத்தால் சிலிர்த்த குஞ்சு கிடைக்கும். உள்ளங்கை அச்சில் விரல்கள் மேலே இருந்தால் டூலிப் பூ, தலைகீழாகத் திருப்பினால் விரல்கள் நான்கு கால்களாக, கட்டைவிரல் தலையாக ஆட்டுக்குட்டி. பஞ்சு ஒட்டும்போது பசையைத் தாளில் பூச வேண்டும். பஞ்சில் பூசினால் ஆட்டின் உரோமம் குழந்தையின் விரலுக்குப் போய்விடும். வர்ணம் ஒரு தடவைக்கு இரண்டு போதும்; ஆறு கிண்ணம் வைத்தால் பத்து நிமிடத்தில் ஆறும் சேற்று நிறமாகிவிடும். மஞ்சளும் நீலமும் மட்டும் வைத்தால் பச்சையைத் தாங்களே கண்டுபிடித்த பெருமை அவர்களுக்கு. ஒட்டும் பொம்மைக் கண்கள் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் மேசையில் வேண்டாம், வாய்க்குள் போகும். பேனாவால் இரண்டு புள்ளி வைத்தால் முயலுக்குப் பார்வை வந்துவிடும். மினுமினுப்புத் தூளை நான் அடியோடு விலக்கிவிட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் சிந்தியது இன்னும் என் காரின் பின்னிருக்கையில் இருக்கிறது.

காப்பி வடிகட்டும் வெள்ளைத் தாளில் சாதாரண மார்க்கர் பேனாவால் கிறுக்கி, மேலே தண்ணீர் தெளித்தால் நிறங்கள் ஊர்ந்து பரவும். கறுப்புப் பேனாவைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள்ளிருந்து நீலமும் சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்து வரும். காய்ந்த பின் நடுவில் சுருக்கி உடுப்புக் கிளிப்பில் செருகினால் வண்ணத்துப்பூச்சி. இதில் குழந்தை 'தவறு' செய்யவே வழி இல்லை. அதனால் கூச்சப்படும் பிள்ளைகளை முதலில் இதற்குத்தான் உட்கார வைப்பேன்.

முட்டைக்குச் சாயம் தோய்ப்பது வீட்டுச் சமையலறைக்கு ஏற்ற வேலை. மண்டபத்தில் ஒருமுறை செய்து, வாடகை முற்பணத்தில் ஒரு பகுதியை இழந்தோம். வெங்காயச் சருகை அவித்த நீர் செம்பழுப்புத் தரும், மஞ்சள்தூள் மஞ்சள் தரும். ஊதா முட்டைக்கோவா அவித்த நீரில் ஓர் இரவு கிடந்த வெள்ளை முட்டை காலையில் நீலமாக எழுந்திருக்கும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கோப்பைச் சாயத்துக்கு ஒரு கரண்டி வினாகிரி போதும். அதிலுள்ள அமிலம் ஓட்டின் சுண்ணாம்பைக் கொஞ்சம் அரித்தால்தான் சாயம் பிடிக்கும். முட்டையைச் சுற்றிக் குமிழி கிளம்புவது அதனால்தான். அளவு மீறினால் ஓடு கரைந்து, பிடித்த சாயமும் துடைத்துக்கொண்டு வந்துவிடும்.

சாயத்தில் போடுமுன் வெள்ளை மெழுகுக் கிரேயனால் முட்டையில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தோய்த்தெடுத்ததும் எழுத்து மேலே வரும். உக்ரைன் நாட்டில் 'பிசாங்கா' முட்டைகள் செய்வதும் இதே நுட்பத்தால்தான்: உருக்கிய தேன்மெழுகால் கோடு இழுத்து, வெளிர் நிறத்திலிருந்து கரும் நிறம்வரை ஒவ்வொன்றாகத் தோய்த்து, கடைசியில் மெழுகுதிரிச் சுடரருகே காட்டி மெழுகைத் துடைப்பார்கள். 2024இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எங்கள் வீட்டில் பேத்தி எழுதியது தன் பெயரை. இடக்கைக்காரர் சிலருக்கு வருவதுபோல் கடைசி எழுத்து கண்ணாடியில் பார்த்தமாதிரித் திரும்பியிருந்தது. திருத்தலாமா என்று மகள் கேட்டாள். சாயத்தில் போட்டாகிவிட்டது என்றேன். உண்மையில் அப்போது போட்டிருக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் ஏன் வேறு வேறு தேதியில் வருகிறது என்று மேசையில் ஒருவராவது கேட்பார். மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பின்னோ வரும் முதல் பூரணைக்கு அடுத்த ஞாயிறு என்பது தேவாலய நாட்காட்டியின் கணக்கு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கும் விழலாம். இதை ஆறு வயதுக்காரனுக்கு விளக்குவது கடினம், எனக்கு மட்டும் இது உதவும். பின்தள்ளி வரும் ஆண்டில் வெளியே அனுப்பி உண்மைப் பூவும் இலையும் பொறுக்கி வரச் சொல்லலாம். முந்தி வரும் ஆண்டில் மரங்கள் மொட்டையாக நிற்கும், எல்லாப் பூவையும் தாளில்தான் பூக்க வைக்க வேண்டும்.

இந்த ஆண்டு ஏப்ரல் 5. கிழித்த தாளில் குஞ்சு செய்யும் நாள். பேத்தி சிவப்பு நூல் கத்தரிக்கோலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கிழிக்க உட்கார்ந்தாள். உடம்புக்கு ஒரு பெரிய துண்டு, தலைக்கு ஒரு சின்னத் துண்டு. பிறகு செம்மஞ்சள் தாளிலிருந்து கால் ஒன்று, இரண்டு, மூன்று. நான் பின்னால் நின்றேன். என் வலது கை என் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"மூன்றாவது கால் எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். டீச்சராக இருந்தால் "ம்" என்று போயிருப்பார்.

"இரண்டு காலில் இது விழுந்துவிடும் அம்மப்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மாலையில் நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தேன். நிறையக் கிழிசல் கிடந்தது, குஞ்சு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2027இல், ஈஸ்டர் மார்ச் 28. முந்தி வருகிறது, தாள் பூ ஆண்டு. முட்டைப் பெட்டியின் குழிகளை நான்கு பக்கமும் கீறி விரித்து, வர்ணம் பூசிப் பூவாக்க எண்ணியிருக்கிறேன். தலைக்கு மூன்று குழி என்றாலும் பெட்டிகள் நிறைய வேண்டும். காகிதக் கூழால் செய்தவைதான் வர்ணத்தை உறிஞ்சும், பிளாஸ்டிக் வேண்டாம். முட்டை உடைந்து ஒழுகிய பெட்டியையும் கழித்துவிடுங்கள். மற்றவற்றை எறியாமல் வைத்திருந்து, மார்கழிக்கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். பெட்டி மட்டும் போதும். வெட்டி வைக்க வேண்டாம்.