பின் மட்கார்டை வெட்டும் முன் அளக்க வேண்டியவை

கிரைண்டர் கையில் இருந்தால் ஒரு புல்லட்டின் பின் மட்கார்டை அரை மணி நேரத்தில் குட்டையாக்கிவிடலாம். ஆனால் குழியில் இறங்கும்போது டயர் அதில் உரசக் கூடாது, ஆறே மாதத்தில் போல்ட் ஓட்டையில் விரிசல் விடக் கூடாது, பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் சேர்ந்து மினுங்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் வெட்டும் முன்பே அளவெடுக்க வேண்டும். இங்கே உதாரணத்துக்கு எடுத்திருப்பது 110/90-18 பின் டயர் போட்ட ராயல் என்ஃபீல்டின் பழைய யூ.சி.இ. எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகை) கிளாசிக் 350. வேறு வண்டி என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

முதலில் ஒன்று: கம்பெனி மட்கார்டில் கை வைக்காதீர்கள். புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர் பழைய சாமான் கடையிலோ இன்னொரு தகர மட்கார்டு வாங்கி அதை வெட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இருக்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும் நாளில் பழைய மட்கார்டு முழுசாக வீட்டில் இருப்பது பெரிய நிம்மதி.

இன்னொரு விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் ஆள் உட்காரும் வண்டியில் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைத்துத் துணி சிக்காமல் காக்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் கேட்கிறது. நம் ஊர் சாரி கார்டு அதுதான். அழகு கெடுகிறது என்று பலர் முதலில் கழற்றுவது அதைத்தான். சேலையோ துப்பட்டாவோ ஸ்போக்கில் சிக்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின் சீட்டை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் சாரி கார்டும் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எவ்வளவு வெட்டலாம்? பெரும்பாலும் கண் அளவில்தான் முடிவு செய்கிறார்கள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தால் சரியான இடம் தானாகத் தெரியும். வண்டி முன்னால் போகும்போது சக்கரத்தின் பின் விளிம்பு மேல்நோக்கி ஏறுகிறது. அச்சின் மட்டத்தில் டயரை விட்டுப் பிரியும் துளி நேர் மேலே போகும். அதற்குக் கீழே பிரிவது மேலும் பின்னுமாகப் போகும், அதனால் தொல்லை இல்லை. அச்சு மட்டத்துக்கு மேலே பிரிவதுதான் முன்பக்கம் சாய்ந்து முதுகுக்கு வரும்.

இந்த டயரின் வெளி ஆரம் சுமார் 328 மி.மீ. ஆள் ஏறிய நிலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் 75 மி.மீ. இடைவெளி இருந்தால், மட்கார்டு முனைக்குக் கீழே ஏறக்குறைய 35 டிகிரி வரை பிரியும் துளிகளும் பறக்கிற வழியில் மட்கார்டின் உள்பக்கத்திலேயே மோதிவிடும். ஆக, முனை அச்சு மட்டத்துக்கு மேல் 35 டிகிரியில் நின்றாலும் முதுகு நனையாது. இதை அளக்க ஒரு தையல் டேப் போதும். அச்சு மட்டத்தில் டயரின் பின் விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அங்கிருந்து டயரின் மேல் டேப்பை வளைத்து 200 மி.மீ. மேலே போங்கள். அதற்கு நேரே மட்கார்டு முடிந்தால் சரி. 60 டிகிரி வரை வெட்டினால் பின்னால் உட்காருபவருக்குச் சேறு நிச்சயம்.

இதில் பலர் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. மட்கார்டு டயரை ஒட்டி இருக்க இருக்க அது நீளமாக இருக்க வேண்டும். இடைவெளி 30 மி.மீ. என்றால் அந்த 35 டிகிரி 24ஆகக் குறைந்துவிடுகிறது. ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைப் பிடித்து அதோடு ஏறி இறங்கும் கை) மாட்டி டயரைக் கவ்வினாற்போல நிற்கும் மட்கார்டைக் குட்டையாகவும் வைத்தால் முதுகில் கோடு விழுவது இதனால்தான். அந்த வகைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: செயின் டைட் பண்ணும்போது சக்கரம் பின்னால் நகரும், மட்கார்டு நகராது. செயின் அட்ஜஸ்டர் கடைசிக் குறியில் இருக்கும்போதும் இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபிரேமில் மாட்டும் மட்கார்டுக்கு முக்கியமான அளவு, ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கிய நிலையில் எடுக்கும் அளவு. வண்டியின் மேல் இரண்டு பேரை உட்காரவைத்துக் குதிக்கச் சொல்வது அளவு ஆகாது. 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள பட்டை இரும்பு இரண்டு துண்டு எடுங்கள். ஷாக்கின் மேல் கண்ணிலிருந்து (போல்ட் போகும் வளையம்) கீழ்க் கண்வரை உள்ள நீளத்தில் 80 மி.மீ. கழித்து, அந்தத் தூரத்தில் இரண்டு ஓட்டை போடுங்கள். 80 என்பது இந்த வண்டியின் பின் ஷாக் அமுங்கும் தூரம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு ஷாக்கையும் கழற்றி, அந்த இடத்தில் பட்டைகளை மாட்டினால் வண்டி ஆழமான குழிக்குள் இறங்கிய நிலை அப்படியே கிடைக்கும். இப்போது மட்கார்டை வைத்துப் பாருங்கள். டயருக்கு மேலே குறைந்தது 25 மி.மீ., பக்கத்துக்கு 12 மி.மீ. வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் இருந்து அளக்க வேண்டும், தகரத்தில் இருந்து இல்லை. போல்ட்டின் தலை உள்ளே, நட்டு வெளியே என்று மாட்டினால் இதிலேயே 10 மி.மீ. மிச்சம். பட்டை மாட்டிய நிலையில் வண்டியைத் தள்ளவோ ஓட்டவோ கூடாது.

வெட்டும் கோட்டை மாஸ்கிங் டேப்பால் ஒட்டிக்கொண்டு, 1 மி.மீ. கட்டிங் வீலால் கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேயுங்கள். கம்பெனி மட்கார்டின் ஓரம் மடித்திருப்பது அழகுக்காக மட்டுமில்லை, தகரத்துக்கு விறைப்பே அதில்தான் இருக்கிறது. வெட்டியதும் அது போய்விடும், எஞ்சின் அதிர்வில் முனை படபடக்க ஆரம்பிக்கும். ஓரத்தின் உள்பக்கமாக 6 மி.மீ. கம்பியை வளைத்துப் பற்றவைத்தால் விறைப்பு திரும்ப வரும். 1.2 மி.மீ. தகரத்தில் சாதாரண ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். சி.ஓ.2 வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி வைத்து, 30 மி.மீ.க்கு ஒரு பொட்டாக, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகரம் முறுக்கிக்கொள்ளும். வெல்டிங்கை எப்போதும் மட்கார்டைக் கழற்றிக் கீழே வைத்துத்தான் செய்ய வேண்டும். வண்டியில் வைத்தே பற்றவைத்தால் எர்த் கரண்ட் பேரிங் வழியாகவும் எலக்ட்ரானிக் யூனிட் வழியாகவும் பாய இடம் கொடுத்த மாதிரி.

விரிசல் விழுவது பெரும்பாலும் போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான். ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்ளே 2 மி.மீ. கனத்தில் 60க்கு 40 அளவு தட்டு ஒன்று பற்றவையுங்கள், மூலைகளை உருட்டிவிட்டு. கூர்மையான மூலையில் இருந்தே விரிசல் கிளம்பும். பழைய மட்கார்டில் ஏற்கெனவே விரிசல் இருந்தால், அதன் நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்திய பிறகு பற்றவைக்க வேண்டும். சும்மா மேலே பூசினால் பக்கத்தில் தொடரும். பின் சீட்டின் பாரம் மட்கார்டின் மேல் விழும் அமைப்பாக இருந்தால் தகரத்தை நம்பாமல் ஃபிரேமில் இருந்து தனி இரும்புத் தாங்கி கொடுங்கள். பாரம் தாங்கும் இடத்தில் எம்8 (8 மி.மீ.) போல்ட், அதிர்வில் கழலாத நைலாக் நட். ரப்பர் வாஷர் விளக்குக்கு மட்டும்.

பெயிண்ட் பற்றிச் சுருக்கமாக: உள்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும், அங்கே எபாக்சி பிரைமர் இரண்டு கோட். பவுடர் கோட்டிங் போவதாக இருந்தால் பட்டி பூசாதீர்கள். அடுப்பில் 180 டிகிரிக்கு மேல் போகும்போது சாதாரண பட்டி உப்பி உதிரும்.

இனி விளக்கு. இந்த டெயில் லைட் பல்பு 12 வோல்ட் 21/5 வாட், ஒரே பல்பில் இரண்டு இழை. 5 வாட் எப்போதும் எரிவது, 21 வாட் பிரேக்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், அது பல்பின் உடம்பு வழியாகப் போகிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்த மட்கார்டில் அந்த எர்த் அறுந்துபோவதுதான் இந்த வேலையில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல். பிரேக் பிடித்தால் வெளிச்சம் கூடாமல் மங்கும், மீட்டர் விளக்கு மினுங்கும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கும். கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் இன்னொரு இழை வழியாகத் திரும்பிப் போவதால் வருவது இது. பெயிண்டைச் சுரண்டி ஒப்பேற்றாதீர்கள். விளக்கில் இருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 1 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்று தனியாக இழுங்கள். பிறகு பிரேக்கை அழுத்திக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு சரியில்லை. ஃபைபர் மட்கார்டுக்கு இந்தத் தனி வயர் இல்லாமல் வேலையே நடக்காது.

சிவப்புக் கண்ணாடிக்குள் எல்.இ.டி. பல்பு போடுவதாக இருந்தால் சிவப்பு எல்.இ.டி.தான் போட வேண்டும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு, அதனால் கண்ணாடி பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மங்கலாகத்தான் வெளியே விடும். ஆனால் டெயில் லைட்டின் அடியில் நம்பர் பிளேட்டுக்கென்று இருக்கும் தெளிவான ஜன்னல் வழியாகவும் இப்போது சிவப்பே விழும். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்பது விதி. அதற்குச் சின்ன வெள்ளை எல்.இ.டி. ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் பொருத்திய வண்டியில் அந்த ஸ்னாப் லாக்கைக் கழற்றினால் உடைந்துவிடும், மறுபடி மாட்ட முடியாது. பிளேட்டைத் தொடாமல், அது நிற்கும் தாங்கியோடு சேர்த்து இடம் மாற்றுங்கள்.

இண்டிகேட்டர்: 10 வாட் பல்பு இரண்டை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு வாட் எல்.இ.டி. போட்டால், இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் ஃபிளாஷர் ரிலே பல்பு போய்விட்டதாக நினைத்து வேகமாகத் துடிக்கும். கடையில் கொடுக்கும் ரெசிஸ்டர் இதை மறைக்கும், ஆனால் தொட முடியாத அளவு சுடும். வயரோடு சேர்த்துக் கட்டினால் வயரின் தோல் உருகும். எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்குவதே சரி. பழையதில் எத்தனை பின், எது பேட்டரி, எது லோட் என்று பார்த்து அதே வரிசையில் வாங்குங்கள். மூன்று பின் வகை என்றால் மூன்றாவது எர்த். நிமிடத்துக்கு 60 முதல் 120 துடிப்புக்குள் இருக்க வேண்டும்.

மீட்டரில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே சிக்னல் விளக்கு இருக்கும் வண்டியில் இன்னொரு வேடிக்கை நடக்கும்: எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் துடிக்கும். அந்தச் சின்ன பல்பு இட வயருக்கும் வல வயருக்கும் நடுவில் மாட்டியிருப்பதால், அதன் வழியாகக் கசியும் கரண்டே எதிர்ப்பக்க எல்.இ.டி.க்குப் போதுமானதாகிவிடுகிறது. 1என்4007 டயோடு இரண்டு வாங்குங்கள். இட வயரில் ஒன்று, வல வயரில் ஒன்று. வெள்ளைக் கோடு உள்ள முனைகளைச் சேர்த்து சிக்னல் பல்பின் ஒரு பக்கம் கொடுத்து, பல்பின் மறுபக்கத்தை எர்த்தில் கொடுத்தால் தீர்ந்தது. பின் இண்டிகேட்டர் இரண்டுக்கும் நடுவே, உள் விளிம்புக்கு உள் விளிம்பு 180 மி.மீ. இருக்கட்டும். ஐ.நா. 53ஆம் விதிமுறை கேட்கும் குறைந்தபட்ச அளவு அது. அதைவிட நெருங்கினால் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று இரவில் தெரியாது.

வயரை மட்கார்டின் உள்ளே டேப் போட்டு ஒட்டாதீர்கள், டயர் எறியும் கல் ஒரு மாதத்தில் தோலை உரித்துவிடும். உள்ளே 8 மி.மீ. இரும்புக் குழாய் ஒன்றை ஓரமாகப் பற்றவைத்து அதன் வழியே விடுங்கள், இரண்டு வாயிலும் வயர் உரசாமல் இருக்க ரப்பர் குரோமெட். இணைப்புகளுக்கு சால்டரைவிட கிரிம்ப் (டெர்மினலை வயரோடு நசுக்கிப் பிடிப்பது) நல்லது. ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும். மெயின் வயரிங்கை வெட்டாமல் அதே கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்) ஒன்று வாங்கிப் புது வயரில் போட்டுக்கொண்டால், பழைய மட்கார்டைத் திரும்ப மாட்ட பத்து நிமிடம் போதும்.

எல்லாம் மாட்டியதும் கை பிரேக், கால் பிரேக் இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள், சுவிட்ச் இரண்டு. 500 கி.மீ. ஓடியபின் போல்ட்களை இறுக்கிவிட்டு, ஓட்டைகளைச் சுற்றிப் பெயிண்டில் மயிர்க்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் அடியில் தகரம் விரியத் தொடங்கிவிட்டது, அன்றே கழற்றுங்கள்.