வீங்காத சுளுக்கு

தை பிறந்துவிட்டால் மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஓய்வு கிடையாது. ஊருக்கு ஊர் கபடி, ஊருக்கு நாலு பேர் நொண்டிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் பாதம் உள்பக்கம் மடங்கி வந்த சாதாரணச் சுளுக்குதான். வெளிக் கரண்டைக்குக் கீழே புசுபுசுவென்று வீங்கி, நீலம் பாரித்திருக்கும். பார்க்கத்தான் பயங்கரம், பல பேர் ரெண்டு மூணு வாரத்தில் நடந்துவிடுவார்கள். எனக்குக் கவலை, அவ்வளவாக வீங்காமல் வருகிறவனைப் பற்றித்தான்.

இந்தத் தையிலும் அப்படி ஒரு பையன் வந்தான். ரைடு போனவனின் பாதம் மண்ணில் ஊன்றியபடி இருக்க, மேலே விழுந்தவர்கள் உடம்பை உள்பக்கம் திருப்பிவிட்டார்கள். கூட வந்த அப்பத்தா, "வீக்கமே இல்லையே டாக்டரம்மா, எண்ணெய் போட்டு நீவி விட்டா போதும்ல? இவந்தான் காலை ஊனவே மாட்டேங்குறான்" என்றார்.

வீக்கம் கம்மி, ஆனால் ஊன முடியவில்லை. இந்த ரெண்டும் சேர்ந்து வந்தாலே நான் உஷாராகிவிடுவேன்.

"எங்க தம்பி வலிக்குது?" என்றேன். கரண்டையைத் தொடவில்லை. அதற்கு ரெண்டு விரற்கடை மேலே, முன்பக்கமாக விரலை வைத்தான். அங்கேதான் காலின் பெரிய எலும்பையும் வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பையும் சேர்த்துக் கட்டும் ஜவ்வுகள் இருக்கின்றன. பாக்குவெட்டியின் ரெண்டு அலகுக்கு நடுவே பாக்கு நிற்பதுபோல அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவே பாதத்தின் மேல் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. ஊன்றிய பாதத்தின் மேல் உடம்பு உள்பக்கம் திரும்பினால், பாதம் வெளிப்பக்கம் திருகியதாகத்தான் கணக்கு. அப்போது அந்த மேல் எலும்பு ரெண்டு எலும்பையும் நெம்பிப் பிரிக்கும், ஜவ்வு கிழியும்.

கெண்டைக்காலின் நடுவில் ரெண்டு பக்கமும் கையை வைத்து மெல்ல அழுத்தினேன். நான் பிடித்த இடத்தில் அவனுக்கு ஒன்றுமில்லை, "ஆ, கீழ!" என்று கரண்டைக்கு மேலே காட்டினான். முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியபோதும் அதே இடம். கரண்டையிலிருந்து வலி எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, ஆறுவதற்கு அவ்வளவு நாள் கூடும். இவனுக்குக் கொஞ்சம் உயரமாகவே ஏறியிருந்தது.

எக்ஸ்ரேக்கு அனுப்பும்போது முழங்கால்வரை சேர்த்து எடுக்கச் சொல்லி எழுதுவேன். திருகிய வேகம் மேலே ஏறி, சின்ன எலும்பை முழங்காலுக்குக் கீழே உடைத்திருக்கலாம். மெசனோவ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1840லேயே விவரித்த முறிவு இது. கரண்டையை மட்டும் படமெடுத்தால் தப்பிவிடும். படுக்க வைத்து எடுத்த படத்தில் எலும்பு விலகியது தெரியாமலும் போகலாம். அதனால் முடிந்தவரை ரெண்டு காலிலும் பாரம் போட்டு நிற்க வைத்து எடுத்து, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் எம்.ஆர்.ஐ.

இவ்வளவு பாடு எதற்கென்றால், 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இறந்தவர்களின் கால்களில் அளந்து பார்த்தார்கள். பாதத்தின் அந்த மேல் எலும்பு 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே மூட்டில் எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. அப்படியே விட்டால் வயசாவதற்கு முன்பே மூட்டு தேய்ந்துவிடும்.

பையனுக்கு எலும்பு விலகவில்லை. பூட்ஸ் மாதிரியான பட்டை, ரெண்டு ஊன்றுகோல், காலில் பாரம் போடக்கூடாது, நீவக்கூடாது. விலகியிருந்தால் ஸ்க்ரூவோ, பட்டன் வைத்த கயிறோ போட்டு இறுக்க வேண்டும், அது எலும்பு டாக்டர் வேலை. வலி அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றி, பிறகு பேலன்ஸ் பயிற்சி. ஆட்டத்துக்குத் திரும்ப 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

கபடிப் பையன்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சேற்றில் கால் புதைந்திருக்க, நாற்றுமுடியை வாங்கச் சட்டென்று உடம்பைத் திருப்பும் நடவாள் அக்காமார்களுக்கும் இது வரலாம். அவர்களிடம் வாரக்கணக்கில் காலை ஊனாதே என்று சொல்வது எனக்கே சங்கடம். கூலி யார் கொடுப்பது?

பையனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, பங்குனித் திருவிழா ஆட்டம்தான் பிரச்சினை. "அக்கா, அதுக்குள்ள சரியாயிடுமா?" என்று வரும்போதெல்லாம் கேட்கிறான். காலண்டரைப் பார்க்காதே தம்பி, ஒற்றைக் குதிகாலைத் தூக்கி நில்லு, அப்புறம் அடிபட்ட காலிலேயே இந்த வராண்டா முழுக்க நொண்டி அடித்துக் காட்டு, வலிக்காமல் முடிந்தால் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்குப் பாதி வராண்டா வந்தான்.